ஆகாயத்தில் கொட்டிய பாலிஷ்

பெரிய டிரைவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் அவரை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. அன்பு வந்துவிட்டது, மனம் கனிந்துவிட்டது என்றெல்லாம் எழுத எனக்கு வராது.

யுத்தம் முடிந்து ராணுவ மோட்டார் பட்டறையிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிய மறு வருஷம், தூத்துக்குடியில் ஒரு முதலாளியிடம் கார் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். முதலாளி கொழும்புக்குக் கருப்பட்டியும் கருவாடும் அனுப்புகிறவர். வீட்டில் இரண்டு கார். இரண்டின் சாவியும் பெரிய டிரைவரின் இடுப்பில் இருக்கும். நான் பட்டறையில் ஓட்டக் கற்றவன், லைசென்ஸ் வைத்திருந்தவன், நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து டின்னில் அச்சடித்திருக்கிற இங்கிலீஷை வாசிக்கத் தெரிந்தவன். ஆனாலும் ஷெட்டிலிருந்து வாசல் வரைக்கும் காரை நகர்த்தக்கூட அவர் சாவி கொடுக்க வேண்டும்.

அவர் திரேஸ்புரத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். அண்ணன் தம்பிகளுக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணி ஒன்று இருந்தது. இவர் மட்டும் எப்படியோ கரையேறி ஸ்டியரிங் பிடித்துவிட்டார். கரையேறினாரே தவிர கடலை விடவில்லை. கை பிரேக்கைப் போடு என்பதற்கு "நங்கூரத்தப் போடு" என்பார். கார் வளைவில் திரும்பும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். நான் ஒரு பகல் முழுதும் மெழுகு போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி வைத்த கதவில் உள்ளங்கையை அப்படியே பதித்துத் தள்ளிச் சாத்துவார். ஐந்து விரலும் தெரியும். திரும்ப நான் துடைப்பேன். ஒரு தடவை முதலாளி என் வேலையைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னபோது, பக்கத்தில் நின்றவர் "பளபளப்பு சரிதான் மொதலாளி, கடக்காத்துக்குத் தாங்குமான்னு பாக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

முதலாளியின் மகளைக் கொழும்பில் கொடுப்பதாக நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கே பெட்டா பஜாரில் மொத்தக் கடை. மாப்பிள்ளைக்குக் கார் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்து, ஊரைவிட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பெரிய கறுப்புக் கார் ஒன்றை வாங்கினார். மூன்று நாள் நான் அந்த வண்டியோடு கிடந்தேன். சக்கரத்துக் கம்பிகளை மூங்கில் ஈர்க்கில் துணி சுற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாக அது பெரிய டிரைவரின் அண்ணன் தோணியில் ஏறியது. கயிறு கட்டுவதும் பலகை போடுவதும் தோணிக்காரர் வேலை என்று முதலாளி அந்தப் பொறுப்பைப் பெரிய டிரைவரிடம் விட்டுவிட்டார். கடற்கரையில் வண்டியை ஒப்படைத்துவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. காரின் மேலெல்லாம் பாழ், நாற்றம், இது மணமகனுக்கு ஆகாது என்று வந்திருந்தது. சம்பந்தி வீட்டில் இதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது தந்தியின் குட்டையான வார்த்தைகளிலேயே தெரிந்தது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

நான் கொடுத்தது கண்ணாடி, கடற்கரை வரைக்கும் நானே கூட இருந்தேன், அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது என்று முந்திக்கொண்டு சொன்னேன். பெரிய டிரைவர் மறைக்கவில்லை. மறைக்கிற ஆள் இல்லை அவர். அதுவும் எனக்குப் பிடிக்காது.

"சுறா எண்ணெ தேச்சு விட்டேன் மொதலாளி. தளத்துல அலை அடிக்கும்லா, உப்பு பெயிண்டத் தின்னுரக் கூடாதுன்னு மேல பூரா தேச்சேன். தொடைச்சாப் போயிரும்னு அண்ணன்ட்ட சொல்லித்தான் விட்டேன். அவன் அங்கன போயி எறக்குற அவசரத்துல சொல்லாம விட்டுட்டான் போல."

எங்கள் பக்கத்தில் மரக்கலத்துக்குச் சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் பூசுவது எல்லாரும் செய்கிறதுதான். பலகை உப்பில் அரிக்காமல் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கல்யாணக் காரில் பூசுவார்கள் என்று யார் கண்டது? நான் சிரித்தே விட்டேன். முதலாளி என் பக்கம் திரும்பினார். அந்த எண்ணெய் காரை என்ன செய்யும் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ராணுவப் பட்டறையில் யாரும் மீன் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்த டின்னிலும் நான் வாசித்ததில்லை. ஆனால் கேட்டது என்னைத்தானே. "பெயிண்டத் தின்னுரும் மொதலாளி" என்றேன். ஸ்பிரிட்டும் டர்பன்டைனும் போட்டு எண்ணெயை எடுத்து, தூள் போட்டு உரசி, திரும்ப மெழுகு ஏற்றினால் ஒருவேளை தேறலாம், அதுவும் நானே போனால்தான் என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்து. முதலாளி குடும்பம் அதில்தான் போவதாக இருந்தது; அது போய்ச் சேருவது கல்யாணத்துக்கு முந்தைய நாள். அதற்குள் கார் தயாராக வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது, இவனை அதில் ஏற்று என்று முதலாளி கணக்கரிடம் சொன்னபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் பெரிய டிரைவரைப் பார்த்து அவர் சொன்னதுதான் விஷயம். நான் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அடியில் பெயிண்ட் நன்றாக இருந்தால் சரி, பெயிண்ட் போயிருந்தால் பெரிய டிரைவர் இனிமேல் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அவர் வீட்டில் அவரை நம்பி ஏழு பேர். அந்த வயதில் இன்னொரு முதலாளி அவரைக் கூப்பிட்டுச் சாவி கொடுக்கப் போவதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன்.

அலுவலகத்தில் ஒருவன் முகத்திலும் ஈயாடவில்லை. கணக்கர் இருபது வருஷம் அங்கே உட்கார்ந்து பேனா தேய்த்தவர். அவர் ரயிலில் இரண்டாம் வகுப்பில்கூடப் போனதில்லை. கார் துடைக்கிறவன் ஆகாயத்தில் போகிறான். "எறங்கும்போது பிளேனையும் தொடச்சுட்டு எறங்கு" என்று ஒருவன் சொன்னான். நான் சாமான் கட்டினேன்.

என்ன கட்டினேன் என்பது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. ராணுவத்திலிருந்து கொண்டுவந்த மெழுகு பாலிஷ் இரண்டு டப்பா. ஒரு போத்தல் ஸ்பிரிட். ரேஷன் கூப்பனுக்கு வாங்கிய பெட்ரோல் ஒரு சிறிய டின். பித்தளைக்குத் தனி பாலிஷ். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி மெத்தென்று ஆக்கிய துடைப்புத் தோல் இரண்டு. ஈரத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. பிளானல் துணி. சவரப் பிரஷ் மூன்று. மூங்கில் ஈர்க்கு ஒரு கட்டு. டயருக்குக் காற்றடிக்கிற பம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக என் சொந்தக் கலவை: டர்பன்டைனில் மெழுகை உருக்கி, ஆளிவிதை எண்ணெய் சேர்த்து, கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் மீன் ஓட்டை மாவாக இடித்துச் சலித்துப் போட்டது. மங்கிய பெயிண்டை உரசி மினுக்குவதற்கு அதை மிஞ்ச ஒன்று கிடையாது என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தக் கலவையை ஒரு தகர டின்னில் ஊற்றி, முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் கொழும்புக்குப் போகிற எண்ணெய் டின்களை அடைக்கிற மாதிரியே அடைத்தேன். அதற்கு ஒரு முறை உண்டு. மேலே நான்கு விரல் இடம் விட வேண்டும். தோணித் தளத்தில் வெயில் பட்டால் எண்ணெய் பொங்கும்; இடம் இல்லாவிட்டால் டின் வெடித்துவிடும். அப்புறம் மரக்கட்டையால் வாயை அடைத்து, துணி சுற்றி, அதன் மேல் குங்கிலியத்தை உருக்கி ஊற்ற வேண்டும். அலையில் முங்கினாலும் ஒரு சொட்டு வெளியே வராது. எங்கள் ஊரிலிருந்து வெளியே போகிற எந்த எண்ணெயும் அப்படித்தான் போகும். நானும் நான்கு விரல் விட்டேன், குங்கிலியம் ஊற்றினேன். திருத்தமாக இருந்தது.

ஸ்டேஷனுக்குப் பெரிய டிரைவர் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஸ்பிரிட்டு கிஸ்பிரிட்டு போட்டு உரசிராத. வெந்நீல பயத்தமாவக் கரைச்சுத் தொடை. எங்க வீட்டுல கையில சுறா எண்ணெ பட்டா அதத்தான் போடுவோம். அடியில பெயிண்டு அப்படியே இருக்கும், பாரு."

கெஞ்சவில்லை. என் வேலை போய்விடும், பார்த்துச் சொல் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இனித்திருக்கும். தோணிக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வண்டி மணியாச்சி தாண்டுகிற வரைக்கும் அதை நினைத்து நினைத்துத் திருப்திப்பட்டேன்.

திருச்சி விமானத் திடலில் முதலில் என்னையே தராசில் ஏற்றினார்கள். பிறகு பையை ஏற்றினார்கள். பை என்னில் பாதி இருந்தது. அங்கே இருந்த குமாஸ்தா, கழுத்தில் டை கட்டிய சின்ன ஆள், பையைத் திறக்கச் சொன்னான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேஜையில் பரப்பினான். வரிசையில் பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களும் பட்டுப்புடவைக்காரிகளும் என் சவரப் பிரஷ்களைப் பார்த்தார்கள். பட்டறை போடப் போகிறாயா என்று கேட்டான். கார் துடைக்கிற சாமான் என்றேன். கொழும்பில் கார் துடைக்க ஆள் இல்லையா என்றான். அவனிடம் கல்யாணக் கதையை எல்லாம் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

பெட்ரோல் டின்னை மூக்கருகே கொண்டுபோனவன் அதைத் தொட்டதற்கே பயந்தவன் போலக் கீழே வைத்தான். பற்றிக்கொள்கிற எதுவும் ஏறாது. பெட்ரோல் போயிற்று. ஸ்பிரிட் போயிற்று. பித்தளை பாலிஷை மோந்து பார்த்து அதையும் ஒதுக்கினான். காற்றடிக்கிற பம்பு எடைக்காகப் போயிற்று. கூப்பன் பெட்ரோல் ஐயா, ரசீது கொடுங்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ரசீது கிடையாது என்றான். அந்தப் பெட்ரோல் அன்று சாயங்காலமே அவன் மோட்டார் சைக்கிளுக்குள் போயிருக்கும் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன், சாட்சி இல்லை.

கடைசியில் குங்கிலியம் பூசிய டின்னைத் தூக்கி ஆட்டினான். உள்ளே குலுங்கிற்று. இது என்ன என்றான். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்றேன். அவன் என் தலையைப் பார்த்தான். எனக்கு அப்போதே முன் பக்கம் வழுக்கை விழுந்திருந்தது.

"தேய்ச்சும் பிரயோஜனம் இல்ல போலிருக்கே" என்று பைக்குள் போட்டான். பின்னால் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், டின் தப்பியதே என்று நான் பையைக் கட்டினேன்.

விமானத்தைப் பற்றி அழகாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உள்ளே தகரச் சத்தம், காது அடைப்பு, ஒருவர் முதுகில் இன்னொருவர் முட்டி. பையைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கையில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சுருட்டைப் பற்றவைத்தார். கீழே கடல் வந்த கொஞ்ச நேரத்தில் பைக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. கையை விட்டுப் பார்த்தேன். டின்னின் பக்கவாட்டு புடைத்துக்கொண்டு வந்திருந்தது. அமுக்கினேன். உள்ளே போகவில்லை. என்ன இது, வெயிலே இல்லையே, சில்லென்றுதானே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குங்கிலியம் விரிசல் விட்டது. மரக்கட்டை தெறித்து என் தாடையில் பட்டது. கலவை பீய்ச்சி அடித்தது.

டர்பன்டைன் நாற்றம் அந்தக் கூட்டுக்குள் நிறைந்தது. வெள்ளைக்காரரின் கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது, கையில் சுருட்டு எரிகிறது. விமானத்துப் பணியாள் ஒருவர் பாய்ந்து வந்து அந்தச் சுருட்டைப் பிடுங்கித் தன் தொப்பிக்குள் போட்டு நசுக்கினார். முன் வரிசையில் ஒரு அம்மாள் வாந்தியெடுத்தாள். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்ன இங்கிலீஷ் எந்த டின்னிலும் அச்சடிக்காத இங்கிலீஷ். ஆனாலும் முழுதும் புரிந்தது. பணியாள் தமிழர்தான். மேலே வந்தால் டின்னுக்குள் இருக்கிற காற்று பெருத்துக்கொள்ளும், இவ்வளவு காற்றை உள்ளே வைத்து எவன் அடைத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான்கு விரல் விட்டு அடைத்தவன் நான்தான். தோணிக்கு அடைக்கிற மாதிரியே ஆகாயத்துக்கும் அடைத்திருந்தேன்.

கொழும்பில் இறங்கியதும் என் பையைக் கையால்கூடத் தொடாமல் குச்சியால் தூக்கிக்கொண்டுபோய் மணலில் கொட்டினார்கள். துடைப்புத் தோல் இரண்டும் டர்பன்டைனில் ஊறி விறைத்துக் கிடந்தன. பிளானல், பிரஷ் எல்லாம் கணவாய் மாவில் குழைந்து கிடந்தன. மெழுகு டப்பாக்களையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்; எவ்வளவு கேட்டும் தரவில்லை. தோளில் கிடந்த துண்டோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஷெட்டைக் காட்டினார். என்னைப் பார்த்துப் பொத்தினாரா, காரைப் பார்த்துப் பொத்தினாரா என்று தெரியவில்லை. இரண்டும் அப்போது நாறிக்கொண்டுதான் இருந்தன. சாமான் எங்கே என்றார். பின்னால் வருகிறது என்றேன்.

காரைப் பார்த்ததும் உள்ளுக்குள் குதித்தேன். நான் சொன்னதைவிட மோசம். உடம்பு முழுதும் பழுப்பும் வெள்ளையுமாகப் பிசுக்கு. அதில் உப்பும் தூசும் ஒட்டி, தோணியில் கூட வந்த ஆடுகளின் மயிர் ஒட்டி, ஒரு பக்கம் கோழி இறகு. கறுப்பு என்கிற நிறமே எங்கும் இல்லை. பெரிய டிரைவர் தொலைந்தார் என்று நினைத்தேன். ஆனால் எதை வைத்துத் துடைப்பது? அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு டப்பா பாலிஷ் கேட்டால் முதலாளியின் மானம் போய்விடும். பெண் வீட்டுக்காரன் வெறுங்கையோடு ஆள் அனுப்பினான் என்று கல்யாணப் பந்தலில் பேச்சாகிவிடும். மறுநாள் கப்பல் வந்துவிடும். அரை மணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், பிரயாண அழுக்கு, நான் குளிக்க வேண்டும் என்று சொல்லி வெந்நீரும் பயத்தமாவும் வாங்கி வந்தேன்.

இடது பக்க மட்கார்டில்தான் ஆரம்பித்தேன். துண்டைக் கிழித்து, மாவுத் தண்ணீரில் முக்கி, வலிக்காத மாதிரி ஒரு இழுப்பு இழுத்தேன். பிசுக்கு பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அடியில் கறுப்பு. இன்னொரு தடவை இழுத்தேன். என் முகம் தெரிந்தது.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். வேறு இடத்தில் பார்த்தேன், கூரையில் பார்த்தேன், கதவில் பார்த்தேன். எங்கேயும் பெயிண்ட் அப்படியே இருந்தது. நான் போட்ட மெழுகுகூட அடியில் கலையாமல் இருந்தது. பகல் பன்னிரண்டுக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முழுக் காரையும் கழுவி முடித்துவிட்டேன். அதற்குள் நான் திட்டாத வசவு இல்லை.

ஒரே ஓர் இடம் மட்டும் கெட்டிருந்தது. பின்பக்கப் பெட்டி மூடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்து, அடியில் துரு செம்மண்ணாகத் தெரிந்தது. ஏன் அங்கே மட்டும் என்று குனிந்து பார்த்தால் ஓரத்தில் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கடற்கரையில் ஒப்படைக்கும்போது, யாரும் கை வைக்கக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதி நான் ஒட்டிய காகிதம் அது. பெரிய டிரைவரின் உள்ளங்கைக்காகவே ஒட்டினேன். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் ஒட்டியது என்பதற்காக அதைக் கிழிக்காமல், அதைச் சுற்றி மட்டும் எண்ணெய் தேய்த்திருக்கிறார். எண்ணெய் படாத அந்த ஓரிடத்தை உப்புத் தண்ணீர் தின்றிருக்கிறது. அவர் தேய்க்காமல் விட்டிருந்தால் கார் முழுதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அந்த இடத்தில் பூசினேன். மறுநாள் அதன் மேல் மல்லிகைச் சரத்தைக் கட்டினேன். அலங்காரம் நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவே சொன்னார், கைக்குட்டை இல்லாமல்.

முதலாளி கப்பலிலிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சம்பந்தி வீட்டார் கேட்கட்டும் என்று சத்தமாகச் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, மறைக்காம சொல்லு. பெயிண்டு போயிருந்துச்சா?"

ஆம், இல்லை, இரண்டில் ஒன்றுதான். நாக்கு இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால், பயத்தமாவு போட்டுக் கழுவினேன், அதுவும் அவர் சொல்லிக் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு என்னை எதற்கு ஆகாயத்தில் அனுப்ப வேண்டும்? மணலில் கொட்டிய சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"போயிருந்துச்சு மொதலாளி. பாதிக்கு மேல போயிருந்துச்சு. கொண்டுவந்த சாமான வச்சுத்தான் தேத்துனேன். எல்லாம் தீந்துபோச்சு."

முதலாளி என் தோளில் கை வைத்தார். ஏரோப்பிளேனில் அனுப்பியது வீண் போகவில்லை என்றார். பெரிய டிரைவரை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே தூத்துக்குடிக்குத் தந்தி போயிற்று. கல்யாணச் சாப்பாட்டை நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் ஷெட்டில் இருந்தேன். பெரிய டிரைவர் காக்கிக் கோட்டையும் தொப்பியையும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி வீட்டுக்குள் போகவில்லை. என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்களாம். கோட்டை வாங்கிக் காரின் மேல் வைத்தேன். சாவி இரண்டையும் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். எனக்கு வாங்கிக்கொள்ள வேண்டிய அவசரம் இருந்தது. கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"பயத்தமாவு போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

"போட்டேன். எண்ணெ போச்சு. கூடவே பெயிண்டும் உரிஞ்சு வந்துச்சு."

சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். நீ பொய் சொல்லுதே என்பார், சட்டையைப் பிடிப்பார், நானும் இரண்டு கொடுக்கலாம் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மரத்துக்கு ஆவுறது தகரத்துக்கு ஆவாது போல. எனக்குத் தெரியாமப் போச்சு. மொதலாளி நிறுத்துனது ஞாயந்தான். நீ மட்டும் போகலன்னா அந்தப் பிள்ள கல்யாணம் என்னாலல்லா கெட்டிருக்கும்." வாசல் பக்கம் திரும்பியவர், "அடுத்த வாரம் அண்ணன் தோணியில இன்னொரு கார் போவுது. அதுலயும் எண்ணெ தேக்கச் சொல்லிருந்தேன். இப்பப் போயி வேண்டாம்னு சொல்லுதேன்" என்றார். தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று கும்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர் கும்பிட்டார்.

பிறகு தெருவில் இறங்கி நடந்தார். அவசரமில்லாத நடை. உப்புக் கிட்டங்கி முக்கில் அவர் திரும்பி மறைகிற வரைக்கும், கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் அந்த நேரத்தில் காரின் மேல் அவர் கோட்டு இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.